சொல் மூத்தது, நுரை இளையது: நெம்புகோல் காபி இயந்திரத்தின் வரலாறு

'எஸ்பிரெஸோ' என்னும் சொல்லுக்கும் இன்று அப்பெயரால் வழங்கும் பானத்துக்கும் ஒரே வயதில்லை. சொல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் மூத்தது. 1906-இல் மிலான் நகரில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சியிலேயே 'கஃபே எஸ்பிரெஸோ' பரிமாறப்பட்டது. ஆனால் அந்தக் கோப்பையின் மேல் இன்று நாம் அறிந்த பொன்னிற நுரை இல்லை. அந்த நுரை பிறக்க ஒரு நெம்புகோல் தேவைப்பட்டது. அதன் கதையே பழைய கைப்பிடி இயந்திரங்களைத் தேடி வாங்கிப் பழுது நீக்குவோரின் மேசைகளில் இன்றும் பிரித்துப் போடப்பட்டுக் கிடக்கிறது.

தொடக்கம் தூரின் நகரில். 1884-இல் அஞ்செலோ மொரியோந்தோ நீராவியால் இயங்கும் காபி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது கூட்டத்துக்கு மொத்தமாகக் காபி வடிக்கும் கருவி. அவர் அதைப் பெருமளவில் உற்பத்தி செய்யவில்லை. அதனால் பொது நினைவிலும் அவர் பெயர் தங்கவில்லை. 1901-இல் மிலானைச் சேர்ந்த லூயிஜி பெட்ஸேரா, ஒவ்வொரு கோப்பையையும் தனித்தனியே, கேட்டவுடன் வடித்துத் தரும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அந்த உரிமையை வாங்கிய தெசிதேரியோ பவோனி அதைத் தொழிலாக வளர்த்தார். 'எஸ்பிரெஸோ' என்ற சொல்லில் பிழிதல், விரைவு, ஒருவருக்கெனவே செய்தல் ஆகிய மூன்று பொருள்களும் கலந்து ஒலிப்பதை அன்றைய வணிகம் நன்கு பயன்படுத்திக்கொண்டது.

அந்த இயந்திரங்களுக்கு ஓர் இயற்பியல் எல்லை இருந்தது. மூடிய கொதிகலனில் நீராவியின் அழுத்தமும் வெப்பமும் ஒன்றோடொன்று பிணைந்தவை; ஒன்றை உயர்த்தினால் மற்றதும் உயரும். நீராவி தந்த அழுத்தம் ஏறக்குறைய 1.5 பார் மட்டுமே. அந்த நிலையிலேயே காபித்தூள் கருகிய சுவையைக் கொடுத்தது. இன்றைய அளவான 9 பார் அழுத்தத்தை நீராவியால் மட்டும் பெற வேண்டுமானால் வெப்பம் 175 டிகிரி செல்சியசை எட்ட வேண்டும். அதில் காபி மிஞ்சாது.

இந்தப் பிணைப்பை அறுத்தவர் மிலானில் காபிக்கடை நடத்திய அக்கில்லே கஜ்ஜா. நீராவியை விலக்கி, உந்துதண்டால் வெந்நீரை அழுத்தும் முறைக்கு 1938-இல் அவர் காப்புரிமை கோரினார். முதல் வடிவம் திருகி இறக்குவது. போருக்குப் பின் அதன் இடத்தில் நெம்புகோலும் சுருள்வில்லும் வந்தன. 1948-இல் அவர் நிறுவனத்தின் இயந்திரங்கள் சந்தைக்கு வந்தன. கைப்பிடியைக் கீழே இழுத்தால் வில் இறுகும். உந்துதண்டு மேலேறி வெந்நீருக்கு இடம் விடும். கையைத் தளர்த்தினால் வில் விரிந்து, நீரைத் தூளின் ஊடே 8 முதல் 10 பார் அழுத்தத்தில் செலுத்தும். அழுத்தம் கையிடமும் வில்லிடமும் போயிற்று. வெப்பம் மட்டும் கொதிகலனிடம் நின்றது.

விளைவாக எழுந்த நுரையை வாடிக்கையாளர்கள் முதலில் ஐயத்தோடு பார்த்தனர். கஜ்ஜா அதை மறைக்கவில்லை. 'இயற்கையான காபியின் கிரேமா' என்று பெயரிட்டு விளம்பரப்படுத்தினார். குறையாகத் தோன்றியது தரத்தின் அடையாளமாயிற்று. ஆங்கிலம் பேசும் கடைகளில் பொத்தானை அழுத்துபவரும் காபியை 'இழுப்பதாகவே' இன்றும் சொல்கிறார்கள். நெம்புகோல் போன பின்னும் அதன் வினைச்சொல் நிலைத்துவிட்டது.

நெம்புகோலைக் கடைகளிலிருந்து அகற்றியது மின் இறைப்பான். 1961-இல் ஃபாயேமா நிறுவனம் வெளியிட்ட ஈ61, அவ்வாண்டின் சூரிய கிரகணத்தை ஒட்டிப் பெயர் பெற்றது. அதே ஆண்டில்தான் லா பவோனி நிறுவனம் வீட்டுக்கான சிறிய நெம்புகோல் இயந்திரமான 'யூரோபிக்கோலா'வைக் கொண்டுவந்தது. 1967-இல் சுவிட்சர்லாந்தின் ஒலிம்பியா நிறுவனத்தின் 'கிரெமினா' வந்தது. கடையில் வழக்கொழிந்த கருவி சமையலறையில் அடைக்கலம் பெற்றது. இவ்விரண்டிலும் சுருள்வில் இல்லை. அழுத்துவது மனிதக் கையே.

இவை அறுபது ஆண்டுகள் கடந்தும் உயிர்பெறக் காரணம் எளிமை. பித்தளையும் செம்பும் நிலைக்கும். மடிவது ரப்பர் வளையங்கள். அவற்றை மாற்றி, உட்புறச் சுண்ணாம்புப் படிவைச் சிட்ரிக் அமிலக் கரைசலால் நீக்கினால் பெரும்பாலான இயந்திரங்கள் மீளும். எனவே வாங்கும்போது பார்க்க வேண்டியது வெளிப்பளபளப்பு அன்று. கொதிகலனில் விரிசல் உண்டா, அந்த மாதிரிக்கு உதிரிப்பாகம் கிடைக்குமா என்பவையே. யூரோபிக்கோலாவிலும் 2000-ஐ ஒட்டி உந்துதண்டுப் பகுதியின் அளவு மாறியது. ஆண்டறியாமல் வாங்கிய வளையம் பொருந்தாது.

இங்கேதான் வரலாற்று ஆர்வலருக்கு ஒரு கடினமான கேள்வி எழுகிறது. ஆவணமாகக் கருதினால் எதையும் மாற்றக் கூடாது. காபி குடிக்க வேண்டுமானால் சிலவற்றை மாற்றியே ஆக வேண்டும். பழைய இயந்திரங்கள் சிலவற்றின் வெப்பக்காப்பிலும் அடைப்பு வளையங்களிலும் கல்நார் உண்டு. அதை உலர்நிலையில் சுரண்டுவது நுரையீரலுக்குத் தீங்கு; அப்பணி தேர்ந்தவருடையது. 125 வோல்ட்டுக்குச் செய்த வெப்பக்கம்பியை இந்தியாவின் 230 வோல்ட்டில் இணைத்தால் மும்மடங்குக்கும் மேலான மின்திறன் பாயும். எர்த் இணைப்பில்லாத மின்வடமும், இறுகிப்போன பாதுகாப்பு வால்வும் அசலானவை என்பதற்காகப் போற்றத் தக்கவை அல்ல. அழுத்தம் இறங்குமுன் கொதிகலன் மூடியைத் திறப்பவருக்கு எந்தத் தொன்மையும் துணை வராது. கழற்றியதைப் படமெடுத்துக் குறிப்பெழுதி வைப்பதே ஆவணத்துக்கும் அன்றாடப் பயனுக்கும் இடையே நியாயமான உடன்பாடு.

இந்தியாவில் இக்கதைக்கு ஒரு கிளை உண்டு. திருமண மண்டபங்களில் 'எஸ்பிரெஸோ காபி' என்றால் உடனடிக் காபித்தூளையும் சர்க்கரையையும் அடித்துக் குழைத்து, நீராவியால் நுரைத்த பாலை ஊற்றித் தருவது. அதை அறியாமை என நகைப்போர் உண்டு. ஆனால் 1906-ஆம் ஆண்டு மிலானிலும் அச்சொல் குறித்தது நீராவியை நம்பி, கேட்டவுடன், ஒருவருக்கெனத் தரப்பட்ட கோப்பையைத்தான். நுரைக்கும் அழுத்தத்துக்கும் அச்சொல் உரியதானது பின்னால். மண்டபத்து வழக்கு பிழை அன்று. அச்சொல்லின் வரலாற்றில் அதுவும் ஒரு கிளை.

பழைய நெம்புகோலைப் பிடித்து அழுத்தும் கைக்கு, அந்த வரலாற்றின் நடுக்கட்டம் எடையாகவே தெரிகிறது. நீராவியால் முடியாததைத் தசையும் வில்லும் செய்த அந்தச் சில ஆண்டுகளைக் காட்சிப்பேழைக்குள் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. அவை இயங்கினால்தான் புரியும்.