லம்பரேனேயின் ஜோசப்



1913ஆம் ஆண்டு ஆல்பர்ட் சுவைட்சர், காபோனில் ஒகோவே ஆற்றங்கரையிலுள்ள லம்பரேனே மிஷன் தளத்தில் வந்திறங்கினார். அவருடைய இறையியலை ஐயுற்ற பாரிஸ் மிஷன் சங்கம், பிரசங்கிக்காமல் மருத்துவம் மட்டுமே செய்வதாக அவர் வாக்களித்த பின்னரே இசைந்தது. ஆஸ்பத்திரிக் கட்டடம் இல்லை. பழைய கோழிக்கூடு ஒன்றைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, அதிலே நோயாளிகளைப் பார்த்தார்.

இதுவரை பிரசங்கங்களில் நாம் கேட்டதுதான். ஆனால் அந்த நோயாளிகளின் மொழி மருத்துவருக்குத் தெரியாது. அவர்கள் சொல்லியதைப் பிரெஞ்சில் எடுத்துரைத்தவர் ஜோசப். சிகிச்சைக்காக வந்து, உதவியாளராகத் தங்கிவிட்டவர். முன்னர் சமையற்காரர்; ஆகவே உடலுறுப்புகளுக்கு அவர் அறிந்த பிரெஞ்சுப் பெயர்கள் இறைச்சித் துண்டுகளின் பெயர்களே. ஒருவனுக்குக் காலில் நோவென்றால், ஆட்டுத்தொடையில் நோவென்பார்! சுவைட்சர் இதை வேடிக்கையாகவே எழுதிவைத்தார். ஆப்பிரிக்கரைத் தம் இளைய சகோதரராகவே கருதியவர் அவர். அந்தப் பார்வை இன்று நமக்கு உறுத்துகிறது. எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. நோவு எங்கே என்று சொல்ல ஆளில்லாவிடில், கற்ற மருத்துவமெல்லாம் எதற்கு உதவும்?

குடலிறக்கத்தால் துடித்தவர்கள் ஓடங்களில் வந்துகொண்டேயிருந்தார்கள். அறுவைச் சிகிச்சையின்போது, செவிலியர் பயிற்சி பெற்ற மனைவி ஹெலன் மயக்கமருந்து கொடுப்பார். ஜோசப் நீண்ட ரப்பர் கையுறைகளை அணிந்து அருகில் நிற்பார்.