537 ஓட்டும் ஒரு பட்டாம்பூச்சிச் சீட்டும்

மறு எண்ணிக்கை என்று பேச்சு வந்தாலே 2000ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலை யாராவது இழுத்துடுவாங்க. ஆனா அங்கே என்னதான் நடந்தது என்று கேட்டால் பலருக்குத் தெளிவா தெரியல. அதனால் இந்த முறை அதையே எழுதுகிறோம்.

புளோரிடா மாநிலத்தில் பாம் பீச் என்று ஒரு மாவட்டம். ஓய்வு பெற்ற முதியவர்கள் நிறைய பேர் குடியிருக்கும் இடம். அதிபர் பதவிக்கு 10 பேர் நின்றார்கள். எல்லார் பேரையும் ஒரே பக்கத்தில் போட்டால் எழுத்து சிறுத்துவிடும், வயசானவங்க படிக்க முடியாது என்று நினைத்தார் தேர்தல் அதிகாரி தெரேசா லெபோர். பெயர்களை இரண்டு பக்கமாகப் பிரித்து, துளை போடும் வரிசையை நடுவில் வைத்தார். இறக்கை விரித்தாற்போல் இருந்ததால் பட்டாம்பூச்சிச் சீட்டு என்று பேர் வந்தது. நல்ல மனசோடுதான் செஞ்சாங்க. மாதிரிச் சீட்டும் முன்கூட்டியே போனது. இரண்டு பெரிய கட்சியும் வாய் திறக்கவில்லை.

இடது பக்கத்தில் முதல் பேர் புஷ், அடுத்தது அல் கோர். ஆனா இரண்டாவது துளை வலது பக்கத்துப் புக்கானனுக்கு உரியது! கோருக்கு மூன்றாவது. புக்கானனுக்கு அங்கே 3,400க்கும் மேல் ஓட்டு விழுந்தது. இதெல்லாம் எனக்குப் போட்டதா இருக்காது என்று அவரே தொலைக்காட்சியில் சொன்னார். இரண்டு துளை போட்டு, செல்லாமல் போன சீட்டுகள் மட்டும் 19,000க்கும் மேல்.

மாநிலம் முழுக்கக் கிட்டத்தட்ட 60 லட்சம் ஓட்டு. கடைசியில் புஷ் ஜெயித்தது 537 ஓட்டில். அதுதான் அவரை அதிபராக்கியது.

இடையில் ஐந்து வாரம் வழக்கும் எண்ணிக்கையும். துளையிலிருந்து விழ வேண்டிய காகிதத் துணுக்குக்கு 'சாட்' என்று பேர். அது தொங்கினால் ஓட்டா, வெறும் பள்ளம் விழுந்திருந்தால் ஓட்டா என்று சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாங்க. மாவட்டத்துக்கு மாவட்டம் அளவுகோல் வேற. பாம் பீச்சில் கையால் எண்ணி முடிக்கக் கெடுவுக்கு மேல் சுமார் இரண்டு மணி நேரம் ஆனது. மாநிலச் செயலாளர் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. டிசம்பர் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற தீர்ப்பில் எண்ணிக்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

எல்லாரும் தொங்கும் துணுக்கைத்தான் ஞாபகம் வச்சிருக்காங்க. எங்களுக்கு உறுத்துவது வேறு. புக்கானன் துளை சுத்தமா விழுந்த சீட்டை நூறு தடவை எண்ணினாலும் அது புக்கானன் ஓட்டுதான். போட்டவர் மனசில் யார் இருந்தாங்க என்று எந்த மறு எண்ணிக்கையும் காட்டாது. மறு வாக்குப்பதிவு கேட்டு வாக்காளர்கள் வழக்குப் போட்டாங்க. சீட்டு சட்டத்துக்கு முரணாக இல்லை என்று புளோரிடா உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

அடுத்த ஆண்டே புளோரிடா துளைச் சீட்டை ஒழித்தது. லெபோர் 2004இல் அதே பதவிக்கு மறுபடி நின்று தோற்றார்.