புத்தகங்களின் போர் (வாசிப்புப் போட்டி)

புத்தகங்களின் போர் என்பது ஐக்கிய அமெரிக்காவின் பள்ளிகளிலும் பொது நூலகங்களிலும் சிறுவர்களுக்காக நடத்தப்படும் குழுமுறை வாசிப்புப் போட்டி ஆகும். முன்னரே அறிவிக்கப்பட்ட நூல்களை மாணவர்கள் சில மாதங்கள் படித்து, பின்னர் குழுக்களாகப் பிரிந்து அவை பற்றிய வினாக்களுக்கு விடையளிப்பர். ஜொனாதன் ஸ்விஃப்ட் 1704 இல் வெளியிட்ட அங்கத நூலுக்கும் இதே பெயர் உண்டு.

வரலாறு

1940களில் சிக்காகோவில் இப்பெயரில் ஒரு வானொலி நிகழ்ச்சி ஒலிபரப்பானது. பின்னர் நூலகர்கள் இதனைப் பள்ளிகளுக்கு ஏற்றவாறு மாற்றியமைத்தனர். அலாஸ்கா, ஒரிகன், வட கரோலினா முதலிய மாநிலங்களில் இது மாநில அளவில் வளர்ந்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் விதிகள் சற்று வேறுபடும்.

போட்டி முறை

ஒரிகன் மாநிலப் போட்டியில் 3 முதல் 5 ஆம் வகுப்பு வரையிலான பிரிவுக்கு 16 நூல்கள் கொண்ட பட்டியல் வழங்கப்பட்டது. ஒரு குழுவில் நால்வரும் மாற்று உறுப்பினர் ஒருவரும் இடம்பெறலாம். வினாக்கள் இருவகைப்படும்.

முதல் வகை "எந்த நூலில்" என்று தொடங்கும். எடுத்துக்காட்டாக, "எந்த நூலில் ஒரு சிலந்தி தன் வலையில் சொற்களைப் பின்னிப் பன்றிக்குட்டி ஒன்றைக் காப்பாற்றுகிறது?" என்று கேட்கப்பட்டால், 'சார்லட்ஸ் வெப்' என்ற நூற்பெயருக்கு 3 புள்ளிகளும், ஈ. பி. ஒயிட் என்ற ஆசிரியர் பெயருக்கு 2 புள்ளிகளும் கிடைக்கும். இரண்டாம் வகையில் நூலின் பெயர் முதலிலேயே கூறப்பட்டு, அதன் உள்ளடக்கம் பற்றி வினவப்படும். குழுவினர் தமக்குள் கலந்து பேசிய பின் தலைவர் விடையைக் கூறுவார்.

குழு அமைத்தல்

எல்லோரும் எல்லா நூல்களையும் படிக்க வேண்டியதில்லை என்பதே இப்போட்டியின் அடிப்படை. எனவே நூல்களைப் பகிர்ந்தளிக்கும் முறை முக்கியத்துவம் பெறுகிறது. 16 நூல்களை நால்வர் தலா 4 வீதம் பிரித்துக்கொண்டால், ஒவ்வொரு நூலையும் ஒருவர் மட்டுமே அறிந்திருப்பார். அவர் வராத நாளில் நான்கு நூல்கள் குழுவின் கையை விட்டுப் போகும். அவர் தவறாக நினைவுகூர்ந்தால் திருத்தவும் ஆள் இராது. தலா 8 நூல்கள் படித்தால் ஒவ்வொரு நூலுக்கும் இரு வாசகர்கள் அமைவர்.

குழுவைத் தெரிவு செய்யும் முறையும் கவனத்திற்குரியது. மாணவர்களே குழு சேரும்போது விரைவாகப் படிப்பவர்கள் ஒன்றுகூடுவதும், மெதுவாகப் படிப்பவர்கள் எவராலும் அழைக்கப்படாமல் நிற்பதும் உண்டு. வாசிப்பை வளர்க்கும் நோக்கில் பார்த்தால் போட்டி அதிகம் தேவைப்படுவது பின்னவர்களுக்கே. ஆசிரியர் அல்லது நூலகர் குழுக்களைக் கலந்து அமைத்து, மெதுவாகப் படிப்பவருக்குச் சிறிய நூல்கள் சிலவற்றைப் பொறுப்பாக அளித்தால், அந்நூல்கள் பற்றிய வினா வரும்போது மற்ற மூவரும் அவரையே நோக்குவர்.

பயிற்சியின்போது மாணவர்கள் தாம் படித்த நூலிலிருந்து தாமே வினாக்களை எழுதி மற்றவரிடம் கேட்பது வழக்கம். வினா எழுதுவதற்காக நூலை மீண்டும் புரட்டுவதே ஒரு மறுவாசிப்பாக அமைந்துவிடுகிறது.

விமர்சனங்கள்

வினாக்கள் பெரும்பாலும் பெயர், இடம், நிகழ்ச்சி ஆகியவற்றையே கேட்பதால், இப்போட்டி நினைவாற்றலைச் சோதிக்கிறதே அன்றி நூல் நயத்தை அல்ல என்பது ஒரு விமர்சனம். வெற்றிக்காகப் படிப்பவர் போட்டி முடிந்ததும் படிப்பதை நிறுத்திவிடலாம் என்றும் கூறப்படுகிறது.

நூற்பட்டியலும் சர்ச்சைக்கு உள்ளானதுண்டு. திருநர் சிறுமி ஒருத்தியை மையமாகக் கொண்டு அலெக்ஸ் ஜீனோ எழுதிய 'ஜார்ஜ்' (2015) என்னும் நூல், ஒரிகனின் 2018–19 ஆம் ஆண்டுக்கான 3–5 வகுப்புப் பட்டியலில் இடம்பெற்றது. 2018 இல் சில பள்ளி மாவட்டங்கள் அதனை எதிர்த்து அப்பிரிவுப் போட்டியிலிருந்து விலகின. அம்மாவட்டங்களின் மாணவர்கள் ஒரு நூலின் பொருட்டு முழுப் போட்டியையும் இழந்தனர். இந்நூல் 2022 முதல் 'மெலிஸா' என்ற பெயரில் வெளியிடப்படுகிறது.