கேட்கப்பட்ட அட்டை, கேட்கப்படாத வலி

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் கிளம்பி பெங்களூர் போகும் காலை ரயிலில் நிறைமாதக் கர்ப்பிணி யாராவது ஒருத்தி இருப்பாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஸ்கேன் ரிப்போர்ட், கர்நாடக அரசு கர்ப்பிணிகளைப் பதிவுசெய்து தரும் ‘தாயி கார்டு’. வண்டி நகர்ந்த பிறகும் மாமியார் விடமாட்டார். “கார்டு எட்த்துக்கினியாம்மா?” சாப்பிட்டாயா என்று கேட்பது அதற்கு அப்புறம்தான்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2022 நவம்பரில் தும்கூரில் நடந்ததை எங்கள் மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைன் வீடுகளில் இன்னும் பேசுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப்போன முப்பது வயதுப் பெண், வயிற்றில் இரட்டைப் பிள்ளை. ராத்திரி வலி எடுத்தது. அக்கம்பக்கத்தார் காசு சேர்த்து ஆட்டோவில் மாவட்ட அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தாயி கார்டு இல்லை, ஆதார் இல்லை. சேர்த்துக்கொள்ளாமல், பெங்களூருக்குப் போகச் சொன்னார்கள். அது எழுபது கிலோமீட்டர். கையில் பணம் இல்லை, வீட்டுக்கே திரும்பினார்கள். விடிந்தபோது தாயும் இரண்டு குழந்தைகளும் அந்த வீட்டில் பிணமாகக் கிடந்தார்கள். மருத்துவரும் செவிலியர்களும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க நான் எடுப்பது, எந்த விதத்திலும் இதற்குப் பொருந்தாததாகத் தோன்றும் ஒரு பிரசவம். 2017 செப்டம்பர், அமெரிக்கா. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு அறுவைச் சிகிச்சையில் பெண் குழந்தை. மறுநாள் மூச்சு வாங்கியது. நுரையீரலில் ரத்தக்கட்டி வந்த அனுபவம் அவருக்கு முன்பே உண்டு. அதனால் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும், ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் வேண்டும் என்று மருந்தின் பெயரோடு கேட்டார். வலி மாத்திரையில் குழம்பிப் பேசுகிறார் என்று செவிலி நினைத்தார். மருத்துவர் முதலில் காலில் அல்ட்ராசவுண்ட் செய்தார், ஒன்றும் இல்லை. கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது, அவர் சொன்னபடியே நுரையீரலில் கட்டிகள். பிழைத்தார். இந்த விவரங்கள் அவரே பத்திரிகையில் சொன்னவை.

ஒருத்தியிடம் ஒரு காகிதமும் இல்லை. இன்னொருவரிடம் பணம், புகழ், காப்பீடு, தன் உடம்பைப் பற்றிய அறிவு எல்லாமே இருந்தன. இருந்தும் இருவரையும் ஒரே வராந்தாவில் நிறுத்துவது எது?

தும்கூரில் அவள் தமிழச்சி என்பதால்தான் திருப்பி அனுப்பினார்கள் என்று நான் எழுதமாட்டேன். அதற்கு என்னிடம் சான்று இல்லை. ஆனால் அட்டை இல்லாமல் போவது யாருக்கு? வேலை தேடி மாநிலம் தாண்டி வந்தவளுக்கு, வாடகை வீட்டுக்காரிக்கு, ஆபீஸில் பேச அந்த ஊர் பாஷை தடுமாறுகிறவளுக்கு. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அதில் சிக்குகிறவர்கள் மட்டும் எப்போதும் ஒரே பக்கத்து ஆட்கள். அமெரிக்காவில் அந்தப் பக்கத்தை நிறத்தை வைத்தே கணக்கெடுக்கிறார்கள். அரசுக் கணக்குப்படி 2021இல் உயிரோடு பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு இறந்த வெள்ளைத் தாய்மார் 26.6 பேர், கறுப்புத் தாய்மார் 69.9 பேர்.

அந்த வித்தியாசத்துக்கு வறுமை, காப்பீடு என்று பல காரணங்கள் உண்டு. என்னை அதிகம் உலுக்குவது வேறொன்று. 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளை மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கேட்டுப்பார்த்தார்கள். கறுப்பர்களுக்குத் தோல் தடிமன் என்பதுபோன்ற பொய்களில் ஒன்றையாவது ஏறக்குறைய பாதிப்பேர் நம்பினார்கள். அதன் வேர் பழையது. 1840களில் அலபாமாவில் மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அடிமைப் பெண்களை மயக்க மருந்து இல்லாமலே அறுத்து அறுத்துப் பழகினார். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற அவருடைய சிலையை 2018இல்தான் அகற்றினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா ஞாபகம் வரவில்லை. அண்ணியின் முதல் பிரசவம்தான் வந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியமில்லை. கதவுக்கு வெளியே நாங்கள் நின்றோம். உள்ளே அண்ணி அலறினாள். “சும்மா கத்தாதே, உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே” என்றது கன்னடத்தில் ஒரு குரல். ‘உங்க ஆளுங்க’ என்றால் யார்? தமிழரா, சேரி ஆட்களா, மைன்ஸ்காரரா? மூன்றுமே நாங்கள்தான்.

அந்த மூன்றும் ஒன்றாய்ச் சேர்ந்தது இந்த மண்ணில். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் வெட்டியபோது வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கமிருந்து வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர்கள். வெள்ளைக்காரருக்குத் தோட்டத்தோடு பங்களா, நடுவில் ஆங்கிலோ இந்தியர், அடியில் தட்டி வீட்டில் நாங்கள். உடம்பின் நிறமும் சாதியும் வேலையையும் வீட்டையும் தீர்மானித்தன. எங்களைப் பதிவுசெய்யக் கைரேகை கேட்டார்கள் என்றுதான் 1930இல் சுரங்கமே வேலைநிறுத்தத்தில் நின்றது. அந்தத் தொழிலாளியின் பேத்தி இன்று பதிவு அட்டை தொலைந்துவிடுமோ என்று மடியில் இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியது. கம்பெனி ஆஸ்பத்திரியும் பூட்டிக் கிடந்தது. 2021இல் கொரோனா வந்தபோது ஊர் இளைஞர்கள்தான் குப்பை அள்ளித் திறந்தார்கள். ஆனாலும் சிக்கலான பிரசவம் என்றால் கோலார், இல்லாவிட்டால் பெங்களூர்.

இரண்டு கதைகளுக்கும் மருந்து ஒன்றல்ல. நம்பாத காதுக்கு ஒரு வழி, காதை நம்பாமல் அளவை நம்புவது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. பிரசவித்தவளுக்கு அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. ரத்தம் 500 மில்லி கோட்டைத் தொட்டால், அவள் யார் என்ன என்று பார்க்காமல் மருந்து, மசாஜ், டிரிப் எல்லாம் ஒரே மூச்சில் தொடங்க வேண்டும். கடுமையான ரத்தப்போக்கு, அதனால் வரும் அறுவை, மரணம் மூன்றையும் சேர்த்த கணக்கு இதனால் 60 சதவீதம் குறைந்தது.

ஆனால் அந்த விரிப்பு கிடப்பது பிரசவ அறைக்குள். செரீனா உள்ளே இருந்தார், அதனால் திரும்பத் திரும்பக் கேட்க முடிந்தது. தும்கூர்ப் பெண்ணுக்கு வேண்டியது அதற்கு முந்தைய படி. அவசர சிகிச்சைக்கு எந்தச் சம்பிரதாயமும் குறுக்கே நிற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு வந்து முப்பத்துமூன்று வருஷம் கழித்துத்தான் அந்த ஆட்டோ, வந்த வழியே அவளை ஏற்றிக்கொண்டு திரும்பியது.