அலங்கார எழுத்தும் திருமறை எழுத்தும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் அமைந்துள்ளது செண்பகத்தோப்பு. அதன் பின்னே உயர்ந்து நிற்கும் மலைத்தொடரைக் கடந்து தென்மேற்கே சென்றால் கொல்லத்தை அடையலாம். தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழைய நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டு அங்குதான் அச்சேறியது. கிழக்கே சென்றால், நாட்காட்டிகளாலும் திருமண அழைப்பிதழ்களாலும் புகழ்பெற்ற சிவகாசியை அடையலாம். இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட நாலரை நூற்றாண்டு வரலாறு, ஆயர்களாகிய நமக்கு ஒரு வினாவை எழுப்புகின்றது: ஆலயச் சுவரிலும் வழிபாட்டுத் தாளிலும் இறைவார்த்தையை எவ்வகை எழுத்தில் பொறிப்பது? இது அழகை மட்டும் பற்றிய வினா அன்று. யார் படிக்கவேண்டும் என்பதைப் பற்றிய வினாவும் ஆகும்.

அச்செழுத்து, கையெழுத்தின் பிள்ளை. 1455ஆம் ஆண்டளவில் கூடன்பர்க் அச்சிட்ட இலத்தீன் வேதாகமத்தின் எழுத்துகள், துறவி மடங்களின் எழுத்தர் கையைப் பின்பற்றியவை. முதலெழுத்துகளை வண்ணத்தில் கையால் வரைவதற்கென்று அதில் இடமும் விடப்பட்டது. 1501இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் வெளியிட்ட நூலின் சாய்வெழுத்து, கற்றோரின் விரைவுக் கையெழுத்தைத் தழுவியது. 1522இல் லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு ‘ஷ்வாபாகர்’ என்னும் வளைந்த எழுத்தில் வெளிவந்தது. இன்று நம் கண்ணுக்கு அலங்காரமாகத் தோன்றும் அவ்வெழுத்து, அன்று அம்மக்களுக்குப் பழகிய எழுத்து. ஆகவே அலங்காரம் எழுத்தில் மட்டும் இல்லை. படிப்பவரின் பழக்கத்திலும் உள்ளது.

இனித் தமிழகத்தை நோக்குவோம். ஓலையில் எழுத்தாணியால் எழுதியோர், ஓலை கிழியுமென்று புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. அவ்வேறுபாட்டை வடிவில் காட்டும் முறை, வீரமாமுனிவரின் பெயரோடு இணைத்துப் பேசப்படுகின்றது. ஓலையைப் படிக்க ஆசிரியரின் துணை வேண்டியிருந்தது. அச்சு நூல்களில் புள்ளியும் கொம்பும் நிலைபெற்ற பின்னரே, எளியவர் தாமே படிக்கும் வழி அகன்றது.

தரங்கம்பாடியின் படிப்பினையும் இதுவே. ஹாலேயில் வார்க்கப்பெற்று 1713இல் வந்துசேர்ந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை, காகிதமோ அரியது. எனவே அருகிலுள்ள பொறையாரில் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. பாலாடைக்கட்டி வந்த ஈயத் தகடுகளும் அதற்காக உருக்கப்பட்டன என்பர். 1715இல் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு அச்சேறி நிறைவுற்றது. பின்னர்ச் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்பார் இன்னும் சிறிய, தெளிவான எழுத்துகளைச் செய்வித்தார். 1862இல் வெளிவந்த வின்ஸ்லோ அகராதி அவ்வச்சகத்தின் திறனுக்குச் சான்று. எழுத்துச் சிறுத்தபோது நூலின் பருமனும் குறைந்தது. நூல் எளியவர் கைக்கு எட்டியது.

அலங்கார எழுத்தோ வேறு வழியில் வளர்ந்தது. உலோக எழுத்து ஒவ்வொன்றும் தனிக் கட்டையின்மேல் நிற்பது. அக்கட்டையின் எல்லையைத் தாண்டிக் கோடு நீண்டால் எளிதில் ஒடியும். லித்தோ எனப்படும் கல்லச்சில் இத்தடை இல்லை. ஓவியர் எண்ணெய்ப்பசையுள்ள மையால் வரைந்த வளைவு அப்படியே தாளில் பதியும். 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியபோது, அதன் வண்ணச் சீட்டுகளுக்காக அச்சுத் தொழிலும் உடன் வளர்ந்தது. பின்னர்க் கணிப்பொறி வந்து, எவரும் ஒரு நொடியில் சுழியையும் கொடியையும் சேர்க்க இயலும் என்னும் நிலையை உண்டாக்கிற்று.

ஆயினும் தமிழில் சுழி வெறும் அணியன்று. ஒரு சுழி கூடினால் ‘மனம்’ ‘மணம்’ ஆகும். புள்ளி கொடிக்குள் மறைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றினால் எழுத்துக்கூட்டிப் படிப்பவர் தடுமாறுவார். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை மேற்கொண்டதன் பின், பழைய வேதாகமங்களிலுள்ள துதிக்கை போன்ற ஐகார வடிவங்களைக் கண்டு இளையோர் மயங்குவதையும் நாம் அறிவோம். நேற்றைய பழகிய எழுத்து இன்றைய அலங்காரமாகின்றது.

எனவே அலங்கார எழுத்தை விலக்கவேண்டுவதில்லை. அதன் இடத்தை அறியவேண்டும். நூலின் முகப்பு, திருமுழுக்குச் சான்றிதழ், திருமண வாழ்த்து, பலரும் மனப்பாடமாய் அறிந்த ஒரு வசனம் ஆகியவை நின்று நோக்கத்தக்கவை; அங்கு அது பொருந்தும். பாமாலை, வழிபாட்டு முறை, திருமறைப் பகுதி ஆகியவற்றிற்கு அது பொருந்தாது.

1854 முதல் இவ்வட்டாரத்தில் கூடாரமிட்டு ஊர் ஊராய்ச் சென்ற ராக்லண்ட் ஐயர், 1858இல் சிவகாசியிலேயே உயிர்நீத்தார். மக்கள் இருக்குமிடத்திற்குச் செல்வதே அவர் கைக்கொண்ட முறை. எழுத்தும் அவ்வாறே செல்லவேண்டும். நம் சபையில் மங்கிய கண்ணோடு கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மூதாட்டி தட்டின்றிப் படிக்க இயலுமானால், அவ்வெழுத்தே திருச்சபைக்கு அழகிய எழுத்து.