என்பொட்டு

‘என்பு’, ‘ஒட்டு’ ஆகிய இரு சொற்களின் சேர்க்கையான என்பொட்டு, புற்றுக்கட்டியோடு வெட்டியெடுக்கப்பட்ட கை, கால் எலும்பின் இடைவெளியை நிரப்ப வைக்கப்படும் எலும்புத் துண்டைக் குறிக்கும். எலும்பு என்பதன் இலக்கிய வடிவமான என்பு திருக்குறளிலேயே ஆளப்பட்டது. கன்னடத்து எலுபு, மலையாளத்து எல்லு, தெலுங்கின் எமுக ஆகியவை இதன் இனச்சொற்கள். ‘ஒட்டு’ பொருந்திச் சேர்தலைக் குறிக்கும் வினை. இணங்காத பகைவரை ‘ஒட்டார்’ என்றதும் அதனாலேயே. திருப்பூரின் பின்னலாடை வட்டாரத்தில் கிழிசலுக்கு வைத்துத் தைக்கும் துணியும், தோட்டத்தில் கிளைசேர்த்து வளர்க்கும் மாங்கன்றும் ஒட்டு என்றே வழங்கினாலும், மருத்துவப் பொருளுக்கு அணுக்கமானது மாங்கன்றே, ஏனெனில் தைத்த துணி தனித்துண்டாகவே நிற்க, கன்றில் ஒட்டிய கிளையோ வேர்ச்செடியின் சாற்றால் உயிர்க்கிறது.

கீழ்க்காலின் வெளிப்புறத்தில், உடல் எடையில் சிறுபங்கையே தாங்கும் மெல்லிய எலும்பை அதன் குருதிக்குழாயுடன் எடுத்து, புதிய இடத்துக் குழாயோடு நுண்ணோக்கியின்கீழ் முடியினும் மெல்லிய இழையால் தைக்கும்போது, அந்த எலும்பு உயிருடன் இருந்து, சுமை ஏற ஏறத் தடிக்கிறது. குருதியோட்டமின்றி வைக்கப்படும் ஒட்டு சாரமாக மட்டும் நிற்க, புதிய எலும்பு அதனுள் மெல்ல ஊர்ந்து பரவுகிறது. நோயுற்ற எலும்பையே வெட்டியெடுத்து, கட்டியைச் சுரண்டி, −196 பாகை செல்சியசில் உள்ள திரவ நைட்ரசனில் உறையவைத்துப் புற்றணுக்களைக் கொன்றபின் மீண்டும் அதே இடத்தில் பொருத்தும் முறையும் உண்டு. தன் எலும்பே திரும்புவதால் அளவு பிசகாத வியத்தகு முறை இது. திருப்பூரை அடுத்த கோயம்புத்தூரில் 1978-இல் தொடங்கப்பட்ட கங்கா மருத்துவமனை எலும்பு அறுவைக்கும் நுண்ணறுவைக்கும் பெயர்பெற்றது.

உலோகத்தாலான செயற்கை மூட்டையும் சிலர் ஒட்டு என்பது பொருந்தாது. அது எலும்போடு எலும்பாக வளர்வதில்லையாதலின், அதற்குப் ‘பொருத்து’ என்பதே தக்க சொல்.