மேரேஜ் சர்க்கிள், தி

எர்ன்ஸ்ட் லூபிட்ச் இயக்கி, வார்னர் பிரதர்ஸ் 1924இல் வெளியிட்ட அமெரிக்க மௌனப்படம். காதல் நகைச்சுவை வகையைச் சேர்ந்தது. லோதர் ஷ்மிட்டின் ஜெர்மானிய நாடகத்தைத் தழுவியது. களம் வியன்னா. கசந்துபோன ஒரு தம்பதியின் பூசல், மனமொத்து வாழும் மற்றொரு தம்பதியின் வீட்டுக்குள்ளும் நுழைவதே கதை. அடால்ப் மென்ஜு, மேரி பிரிவோ, மான்டி புளூ, புளோரன்ஸ் விடோர் ஆகியோர் நடித்தனர்.

‘லூபிட்ச் தொடுகை’ எனப் பின்னாளில் பேர்பெற்ற, காட்டாமல் உணர்த்தும் பாணி இதில் துலங்குகிறது. தொடக்கக் காட்சியில் கணவன் கையிலெடுக்கும் ஓட்டைக் காலுறையே அந்த இல்லறத்தின் நிலையைச் சொல்லிவிடும். காலையுணவுக் காட்சி இன்னும் நுட்பமானது: திரையில் முட்டையும் காப்பிக் கோப்பையும் மட்டுமே, முட்டையைத் தட்டும் கையும் காப்பியைக் கலக்கும் கையும் விலகி மறைய, தழுவல் புரிந்துவிடுகிறது. சாப்ளினின் எ வுமன் ஆஃப் பாரிஸ் (1923) லூபிட்சிடம் ஆழ்ந்த தாக்கம் செலுத்தியது. 1932இல் ஒன் அவர் வித் யூ எனும் இசைப்படமாக இக்கதை மறுஆக்கம் பெற்றது.